ஒன்பது மஞ்சள் சிலிண்டர்கள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "கெமிஸ்ட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மருந்துக்கடை வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நூம்பலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தலைவலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று லிஃப்டில் கேட்பார்கள், நானும் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் பேச்சு நீளும். மூடிப்போன கம்பெனிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய ரசாயனங்களை யாருக்கும் ஆபத்தில்லாமல் அழிப்பதுதான் என் வேலை.

அந்த முறை வந்தது குளோரின். குடிதண்ணீரில் போடுகிறார்களே அதுதான் என்று சொன்னால் சாதுவாகத் தெரியும். நூறு வருடத்துக்கு முன் ஒரு பெரும்போரில், பதுங்குகுழிகளில் படுத்திருந்த ஆட்கள்மேல் காற்று பார்த்துத் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அதற்குப் பிறகு இதைவிடக் கொடிய வாயுக்கள் வந்து, உலக நாடுகள் கூடி இனி வேண்டாம் என்று முடிவெடுத்து, இருந்த கையிருப்பையெல்லாம் வருடக்கணக்கில் அழித்தார்கள். நம் நாடும் தன்னிடம் இருந்ததை அழித்து முடித்தது. அந்த மாதிரி அழிப்புக் கூடங்களின் வீடியோக்களை, மற்றவர்கள் சமையல் வீடியோ பார்ப்பதுபோல நான் உட்கார்ந்து பார்ப்பேன். எந்திரக் கை, தடித்த கண்ணாடி அறை, சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லாத நிலம். எங்களுக்கு வாய்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் ஒரு பாழடைந்த ஷெட், ஒரு காஸ்டிக் சோடா தொட்டி, கரையான்சாவடியிலிருந்து வரும் ஒரு பிட்டர், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பத்திரண்டு வீடுகள்.

பழைய காகிதத்தை அரைத்து வெளுத்துப் புதுக் காகிதம் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. மூடிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இடத்தில் குடியிருப்பு கட்டப்போகிறார்கள், அதனால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கேட்டைத் திறந்துவிட்டவர் வாட்ச்மேன். அறுபதைத் தொட்ட மனிதர். கம்பெனி வருவதற்கு முன் அங்கே வயல் இருந்தபோது அவருடைய அப்பா அதில் கூலி வேலை பார்த்திருக்கிறார். கம்பெனி வந்ததும் மகன் மெஷினுக்குப் போனார், கம்பெனி மூடியதும் காவலுக்கு உட்கார்ந்தார். வீடு மதில் சுவரை ஒட்டினாற்போல அந்தப் பக்கத் தெருவில்தான்.

என்னை நேராக ஷெட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் கையை நீட்டினார்.

"பாத்தீங்களா மேடம், எப்டி வெச்சிக்கீறேன்னு. ஒரு தூசு தும்பு கீதா சொல்லுங்கோ."

ஒன்பது குளோரின் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. பளபளவென்று மஞ்சள் பெயின்ட். ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், குங்குமம். கழுத்தில் வாடிய பூமாலையின் நார். 

கம்பெனி மூடிய பிறகும் இந்த மனிதர் ஒரு வருடம்கூடத் தவறாமல் ஆயுத பூஜை செய்திருக்கிறார். முதலில் ஹோஸ் பைப்பால் சிலிண்டர்களைக் குளிப்பாட்டுவது. பிறகு கைக்காசு போட்டு வாங்கிய மஞ்சள் பெயின்டை ஒரு இடம் விடாமல் அடிப்பது. பிறகு சந்தனம், குங்குமம், பொரிகடலை. குளோரின் துளி கசிந்த இடத்தில் தண்ணீர் பட்டால் அது அமிலமாகி இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். தின்ற இடத்தை அடுத்த கோட் பெயின்ட் அழகாக மூடிவிடும். கழுத்தில் குத்தியிருக்கும் எழுத்துகளை வைத்துத்தான் சிலிண்டரின் வெற்று எடை என்ன, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தெரிந்துகொள்வோம். அந்த எழுத்துகள் பெயின்டுக்கு அடியில் புதைந்திருந்தன. வால்வு, வால்வின் தண்டு, சூடேறினால் உருகித் திறக்கிற ஈயத் தக்கை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவு சிரத்தையான நாசத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

"யாருண்ணே உங்கள இதுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும்.

"யாரும் சொல்லல மேடம்" என்றார். "கம்பெனிய மூட்டாங்கோன்றதுக்காவ பூஜைய வுட்ற முடியுமா? மெசினெல்லாம் வித்துட்டானுங்கோ. மிச்சம் இதான் கீது."

வண்டிக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

எங்கள் பிட்டர் எட்டு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், கை பேசும். ஒரு மரச்சிம்பால் பெயின்டை மெல்ல மெல்லச் சுரண்டி, ஒரு சிலிண்டரின் அடிப்பாகத்தைக் காட்டினார். "மேடம், இது இரும்பே இல்ல. பெயின்ட்டு தான் இரும்பு மாரி நின்னுகினு கீது."

ஒரு வாரம் சுரண்டி, எழுத்துகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் தூக்கித் தராசில் மாட்டினோம். ஐந்து காலி. மூன்றில் அடியில் கொஞ்சம் சரக்கு மிச்சம். ஒன்பதாவதில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பிட்டர் முதலில் சுரண்டிக் காட்டிய, அடிப்பாகம் அப்பளம் மாதிரி மெலிந்திருந்த சிலிண்டரும் அந்த ஒன்பதாவதுதான். அதன் வால்வையே தொட முடியாது. ஒரு பெரிய இரும்புக் கூட்டுக்குள் சிலிண்டரை முழுசாக இறக்கி, மூடியைப் பூட்டி, உள்ளுக்குள்ளேயே துளை போட்டு வாயுவை இழுக்க வேண்டும். அதற்கு இரண்டாம் நாளை ஒதுக்கினோம். முதல் நாள் மற்ற மூன்று.

செய்முறை பெரிய மாயமெல்லாம் இல்லை. சிலிண்டரின் வால்வில் ஒரு செப்புக் குழாயை மாட்டி, மறுமுனையைக் காஸ்டிக் தொட்டிக்குள் விட்டு, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வாயு கரைசலில் இறங்கி, பாத்ரூம் கழுவுகிற திரவமாக மாறிவிடும். கரைசல் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று. அது ஆனி மாதம். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து அப்படியே திருப்பிப் போட்டுவிடும். வீடுகள் ஷெட்டுக்கு மேற்கே. காலைக்காற்றில் ஏதாவது கசிந்தாலும் கிழக்கே காலி மனையைப் பார்த்துப் போய்விடும். ஆகவே உச்சிப்பொழுதுக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு கம்பத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டேன், அன்று முழுதும் என் கண் அதிலேயே இருந்தது.

அதற்கு மேல் ஒரு காப்பாகத் தெரு முழுவதையும் காலி செய்தோம். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, வேன் விட்டு, டிபனும் சாப்பாடும் ஏற்பாடு. வீடு வீடாகப் போய்ப் பட்டியலில் டிக் அடிக்கும் வேலையை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். தெருக்காரர், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், என்னைவிட அவருக்குத்தான் தெரியும். காலை ஏழரைக்குப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்திரண்டு வீட்டுக்கும் டிக். நானும் தெருமுனைவரை நடந்து பார்த்தேன். சில கதவுகளில் பூட்டு, சில வெறுமனே சாத்தியிருந்தன. ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துக் குரைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

முதல் சிலிண்டர் பிள்ளைப்பூச்சி மாதிரி அடங்கிப் போனது. இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் பத்தரைக்குள் முடிந்தது. மூன்றாவதன் வால்வு அசையவே இல்லை. தண்டும் உறையும் சேரும் இடத்தில் பத்து வருடப் பெயின்ட் கெட்டியாக இறுகிக் கிடந்தது. பிட்டர் முகமூடி, முதுகில் காற்றுச் சிலிண்டர், ரப்பர் அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு, அந்த வெக்கையில் ஊசி மாதிரி ஒரு கருவியால் பெயின்டைக் குத்திக் குத்தி எடுத்தார். பதினொன்றே முக்காலுக்கு வால்வு அசைந்தது.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். ரிப்பன் அப்போது நன்றாகக் கிழக்கே பறந்துகொண்டிருந்தது. சரக்கும் கொஞ்சம்தான், அரை மணி நேர வேலை, கடல்காற்று வர எப்படியும் ஒரு மணியாகும் என்று கணக்குப் போட்டேன். அதையும் மீறி ஏதாவது ஆனால்தான் என்ன, தெருதான் காலியாயிற்றே. "தொறங்க" என்று வாக்கி டாக்கியில் சொன்னேன்.

பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. கசிவு பார்க்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. குச்சி நுனியில் துணி சுற்றி, அம்மோனியாவில் நனைத்து, ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் காட்டுவோம். குளோரின் கசிந்தால் அங்கே வெள்ளையாகப் புகையும். பிட்டர் குச்சியைக் குழாய் இணைப்பில் காட்டினார். நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது. அவர் குச்சியை எடுத்து மறுபடி காட்டுவதற்குள் நூல் கயிறாகிவிட்டது.

ஒரு சின்னப் பெயின்ட் செதில். ஈய வாஷருக்கும் வால்வுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு கண்டுபிடித்தோம். அப்போது தெரிந்ததெல்லாம் புகை மட்டும்தான். பிட்டர் வால்வை மூடப் பார்த்தார். பாதியில் சிக்கிக்கொண்டு அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"மேடம், மூட மாட்டேன்து" என்று வாக்கி டாக்கியில் அவர் குரல், வாளிக்குள்ளிருந்து பேசுவதுபோல. "தொப்பி போட்டுட்றேன். மூணு நிமிசம் கொடுங்கோ."

தொப்பி என்று நாங்கள் சொல்வது, வால்வு முழுவதையும் கவிழ்த்து மூடி இறுக்குகிற இரும்பு மூடி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாட்ட வேண்டும். தொட்டிப் பக்கம் நின்ற எங்கள் ஆட்களில் ஒருவரும் அங்கியோடு உள்ளே ஓடினார். தரையோடு தரையாகப் பச்சையும் மஞ்சளுமான ஒரு புகை ஷெட்டின் வாசலைத் தாண்டி வெளியே படர்ந்தது. நான் கம்பத்தைப் பார்த்தேன். ரிப்பன் தொய்ந்து தொங்கியது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் இல்லை. பிறகு மெதுவாக எழுந்து மேற்கே, மதில் சுவரைப் பார்த்து நீண்டது. மணி பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் பூனை என்று நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டபோது பூனை இல்லை என்று தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

கேட்டருகே நின்ற வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்தும் கேட்டேன்.

"யாருண்ணே அது?"

"பொண்ணு மேடம்" என்றார். "பெர்சவத்துக்கு வந்துகீறா. கொயந்த பொறந்து இருவது நாளு தான் ஆவுது."

"போன் போடுங்க! மாடிக்குப் போகச் சொல்லுங்க, கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்தச் சொல்லுங்க!"

குளோரின் காற்றைவிடக் கனம். கீழே தங்கும், மேலே ஏறத் தாமதமாகும். வீட்டை விட்டு வெளியே ஓடினால் அந்தச் சந்தில் நேராகப் புகைக்குள் போய் விழுவார்கள். மாடி அறைதான் வழி. அவர் போனை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை தூங்குவதற்காக மகள் போனைச் சைலன்டில் போட்டிருந்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடப் பார்த்தார், முகமூடி இல்லாமல். தோளைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நிமிடம் நான் பயந்த மாதிரி அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

இடுப்பில் தொங்கிய முகமூடியை மாட்டிக்கொண்டு மதிலுக்கு ஓடினேன். அங்கே பழைய மரப்பலகைகள் அடுக்கியிருந்தன. ஏறி எட்டிப் பார்த்தேன். நாலு அடி தள்ளி அவர்கள் வீட்டுப் பின்கட்டு. துவைக்கிற கல்லின் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்த போனில் யாரோ ஒரு அம்மாள் குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்லித்தரும் வீடியோ. அப்பாவின் அழைப்பு திரை ஓரத்தில் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது, குழந்தைமேல் இருந்த கண்ணை அவள் எடுக்கவில்லை. அவளுக்குத் தாய் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கத்தினேன். முகமூடிக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முகமூடியைக் கழற்றினேன்.

"உள்ள போம்மா! பிள்ளையத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போ!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மதிலுக்கு மேல் ஒரு தலை முளைத்துக் கத்தினால் யார்தான் திகைக்கமாட்டார்கள். "இன்னா? யாரு நீங்கோ?"

"கேஸ் லீக்காகுது! ஓடு!"

"பாப்பா தலைல சோப்பு கீது, ஒரு நிமிசம்" என்று சொம்பைத் தண்ணீரில் விட்டாள்.

"சோப்போட தூக்கிக்கிட்டு ஓடும்மா!"

அதற்குள் என் தொண்டையில் யாரோ மிளகாய்ப்பொடியைக் கொட்டியதுபோல் எரிந்தது. வாசனை அவளுக்கும் எட்டிவிட்டது. முகத்தைச் சுளித்தாள், ஒரு இருமல், அப்புறம் குழந்தை தும்மியது. அந்தத் தும்மலில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். எண்ணெயும் சோப்பும் வழுக்குகிற குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, பலகையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. மேலே மாடி அறையின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. நான் முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பலகைகள்மேலேயே நின்று எண்ண ஆரம்பித்தேன். எதை எண்ணினேன் என்று தெரியாது.

"தொப்பி ஒக்காந்துச்சி மேடம்" என்று வாக்கி டாக்கி சொன்னது. கொஞ்ச நேரத்தில், "அம்மோனியா காட்டிட்டேன். புகை இல்ல" என்றது.

கசிவு ஆரம்பித்ததிலிருந்து எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். தொட்டிப் பக்கம் வேலை செய்தவர்கள் தரையில் தவழ்ந்த மிச்சத்தையும் காஸ்டிக் தெளித்து அடக்கினார்கள். தாயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று மூன்று மணிக்குச் செய்தி வந்தது. செய்தி வந்ததும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இருமலுக்கு நடுவே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பெற்ற மகள், அவர் பேரக்குழந்தை, இருபது நாள் பச்சை மண், பட்டியலில் எப்படி டிக் அடிக்க மனசு வந்தது?

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "முப்பது நாளு ஆவாம கொயந்தைய வெளிய கொண்டார மாட்டோம் மேடம். அதுவும் மண்டபம், அத்தினி பேரு, கண்ணு பட்டுரும். சொன்னா வேலைய நிறுத்திடுவீங்கோ. அப்றம்... நீங்கோ தான சொன்னீங்கோ, ஒண்ணும் ஆவாதுன்னு."

சொன்னேன். தெருக்காரர்களைக் கூட்டி வைத்து ஒரு கூட்டம் போட்டிருந்தோம். அதற்கு முன் அதிகாரிகளும் எங்கள் ஆபீஸும் சேர்ந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பீதியைக் கிளப்பாதீர்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மைக்கைப் பிடித்துச் சிரித்த முகமாக, "ஒண்ணும் ஆகாது, சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான், மதியச் சாப்பாடு நம்ம கணக்கு" என்றேன். கைதட்டினார்கள். அந்த மனிதர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்தச் சிலிண்டர்களில் சாய்ந்து சோறு தின்றவர், அவருக்கு அதுவரை ஒன்றும் ஆகவில்லை, படித்த பொம்பளையும் வந்து ஒன்றும் ஆகாது என்று மைக்கில் சொல்கிறாள். வேறென்ன வேண்டும்.

ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒன்பதாவது சிலிண்டர். அன்றைக்கு மூன்றிலும் சேர்த்து இருந்ததைப்போலப் பல மடங்கு அதற்குள் இருந்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கியது. கிட்டத்தில் பார்த்தால் அவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. நான் தரையில் உட்கார்ந்தேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. குளோரின் நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும், பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்கு ஏன் சீக்கிரம் ஆபத்து, நாளைக்கு இருக்கிற சிலிண்டரின் தகடு எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறது, கூட்டுக்குள் இறக்கும்போது அது உடைந்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னேன். உடையாது என்றுதான் நம்புகிறோம், ஆனால் உடையவே உடையாது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன்.

வாட்ச்மேன் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் அழுவாள், இல்லை என்னைச் சபிப்பாள் என்று நினைத்தேன். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நாளைக்கு எத்தினி மணிக்கி கெளம்பணும் மேடம்?" என்றாள்.

"ஆறு மணிக்கு. முப்பது நாள் ஆகலையேன்னு அப்பா..."

"அத நான் பாத்துக்கறேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இத அன்னிக்கே கூட்டத்துல சொல்லிர்க்கலாம்ல? சொல்லிர்ந்தா நான் அன்னிக்கே எங்க ஊட்டுக்காரு ஊட்டுக்குப் பூட்ருப்பேன்."

"எல்லாரும் பயந்துடுவீங்கன்னுதான்..." என்று இழுத்தேன்.

"பயந்தா தான மேடம் போவோம்?"

வெட்கமாக இருந்தது. தெருவில் இதையெல்லாம் மறுபடி நானே சொல்லப்போகிறேன், அவர்கள் என்னை நம்புவார்களா என்று தெரியவில்லை என்றேன். நானும் வருகிறேன் என்று அவள் எழுந்தாள். துணியில் சுற்றிய குழந்தையோடு அவள் முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நான் சொன்னதைவிட அவளுடைய இருமலைத்தான் ஜனங்கள் கவனமாகக் கேட்டார்கள்.

ஒன்பதாவது சிலிண்டர் மறுநாள் ஒரு பொட்டுக் கசிவில்லாமல் முடிந்தது. கூட்டுக்குள் இறங்கியது, துளை விழுந்தது, பத்து மணிக்கு முன்பே கிழக்கே பறந்த ரிப்பனுக்குக் கீழே நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிட்டர் வெற்றுச் சிலிண்டரை அறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு ஆயுத பூஜையைத் தாங்கியிருக்காது என்றார். அந்த வேலையைப் பற்றி ஆபீஸில் நான் கொடுத்த அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. அன்று காலை ஆறு மணிக்குத் தெருவில் நான் பார்த்தது அதில் இல்லை.

முதல் வேனில் முதல் ஆளாக அந்தப் பெண் குழந்தையோடு ஏறினாள். வாட்ச்மேன் பட்டியலை என் கையிலேயே கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நானே ஒவ்வொரு வாசலிலும் நின்று டிக் அடித்தேன். ஏழாவது வீட்டில் பூட்டைத் திறந்து, படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். நேற்று எங்கே இருந்தார் என்று கேட்டேன். உள்ளேதான் என்றார்கள். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவள், நேற்று பகல் முழுதும் தூங்குவதற்காகப் புருஷனை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். கடைசி வீடுகளில் ஒன்றிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவளுக்குத் துணையாக இருந்த அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள். நேற்று இவர்களும் உள்ளேதான், இன்னும் சில வீடுகளிலும் இதே கதைதான். நான் வீட்டு எண்களை விட்டுவிட்டு, நேற்று உள்ளே இருந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன். வேன்கள் கிளம்பும்போது, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த தாயையும் குழந்தையையும் சேர்க்காமல், பதினோரு பேர். நேற்று அந்தப் பட்டியலின் அடியில், அனைவரும் வெளியேறிவிட்டனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.